கரடிப் பெட்டியும் அத்தையின் தவலையும்

ஃபாஸ்டர் சிட்டி,
ஆடி 6, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கோமு,

"வாட்ஸ்அப்ல சும்மா போட்டோவா அனுப்பித் தள்ளாத ஏட்டி, விஷயத்தை எழுது" என்று போன வாரம் பொரிந்தாய் அல்லவா? இதோ உட்கார்ந்துவிட்டேன். கையால் எழுதித் தபாலில்தான் போடுகிறேன். இதில் பல பேர் தலை உருளப்போகிறது. போனில் அனுப்பினால் உன் மருமகள் உனக்கு முன்னால் படித்து முடித்துவிடுவாள்.

முதலில் ஒரு காரியம். புகுந்த வீட்டு அத்தையின் பித்தளைத் தவலையைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டு எவர்சில்வர் அண்டா வாங்கி வை என்று உன் வீட்டில் இறக்கிவிட்டு வந்தேனே, அதைப் போட்டுவிட்டாயா? போடவில்லை என்றால் போடாதே. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். தொடர்கதைக் காலத்திலிருந்தே உனக்குக் கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிற புத்தி. இந்த ஒரு தடவை வரிசையாகப் படி.

போன வாரம் மூன்று ராத்திரி காட்டில் படுத்திருந்தேன். ஆமாம், நான்தான். பாயில் படுத்தாலே இடுப்பு பிடிக்கிற நான், கூடாரத்தில். இடம் யோசெமிட்டி. சியரா நெவாடா மலையில் இருக்கிற தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைத்துக்கொள்ளாதே. கிட்டத்தட்ட நம் தென்காசி மாவட்டம் அளவு, மூவாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். முழுக்க மலை, காடு, ஏரி, அருவி. 1864-இல், உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டு அந்தப் பள்ளத்தாக்கையும் ஒரு பெருமரத் தோப்பையும் பொதுச் சொத்தாக்கினாராம். 1890-இல் சுற்றியிருந்த மலையெல்லாம் தேசியப் பூங்கா ஆனது.

அங்கே கூடாரம் போட இடம் பிடிப்பது இருக்கிறதே, அது நம் தட்கல் டிக்கெட்டை விட மோசம். ஐந்து மாதத்துக்கு முன்னால், குறிப்பிட்ட தேதியில், காலை ஏழு மணிக்குத் திறக்கிறார்கள். ஏழு ஐந்துக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. மருமகன் மூன்று லேப்டாப்பை வரிசையாக வைத்துக்கொண்டு, பல் கூடத் தேய்க்காமல், பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் தட்டியதை நான் வீடியோ போனில் பார்த்தேன். என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவர் முகத்தில் அந்தப் பதற்றம் இல்லை.

ஓர் இடத்தில் ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது. நாங்கள் பத்துப் பேர், ஆகவே இரண்டு இடம். எங்கள் வீட்டில் நாலு பேர். ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம், இரண்டு பிள்ளைகளோடு. பிறகு கல்யாணமாகி ஆறு மாதமே ஆன சென்னை ஜோடி.

கோயம்புத்தூர்ப் பெண் தங்கமான பெண்தான். பேச்சில் தேன் வடியும். ஆனால் அவள் கட்டிய மூட்டையைப் பார்த்திருக்க வேண்டும் நீ. காற்றடிக்கிற மெத்தை இரண்டு, தலையணை ஆறு, போதாக்குறைக்குத் தலைமுடி காய வைக்கிற மிஷின். "எங்க சொருகுவ கண்ணு?" என்று கேட்டேன். "மரத்துல பிளக் இருக்காதுங்களாம்மா?" என்று அவளும் சிரித்தாள். காரை விட்டு அதை இறக்கவே இல்லை.

போகிற வழியைச் சொல்கிறேன். ஓக்டேல் தாண்டினதும் மலை ஆரம்பம். ப்ரீஸ்ட் கிரேடு என்று ஓர் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. உப்புப் போட்ட எலுமிச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டே வந்தேன். அதற்கு அப்புறம் மலை மலையாகக் கருகின மரங்கள், எரிந்த தீக்குச்சியை நட்டு வைத்த மாதிரி. 2013-இல் வேட்டைக்கு வந்த ஒருவர் மூட்டிய நெருப்பு கைமீறிப் போய், 2,57,000 ஏக்கர் எரிந்ததாம். ஒரு மனுஷன், ஓர் அடுப்பு. அந்த இடத்தைக் கடக்கும்போது காரில் யாரும் பேசவில்லை. எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. படுக்கப் போவதற்கு முன்னால் அடுப்புச் சாம்பலில் கையை வைத்துப் பார்த்து, சூடு இருந்தால் என்னை எழுப்பித் தண்ணீர் தெளிக்கச் சொல்வாளே, அந்த ஞாபகம்.

கிரேன் ஃப்ளாட் என்ற இடத்தில் இறங்கினோம். கடல் மட்டத்திலிருந்து 6,200 அடி உயரம். கக்கூஸ் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு, குளியலறை கிடையாது. மூன்று நாள் சோப்புப் போட்டுக் குளிக்கவில்லை என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். வெளியே விடாதே.

இறங்கின அரை மணியில் சென்னை ஜோடி சண்டை. கூடாரத்துக் கம்பி எந்த ஓட்டையில் போகும் என்பதுதான் விவகாரம். அவன் படம் பார்க்காமல் சொருகுகிறான், அவள் படத்தைப் பார்த்துப் படிக்கிறாள். கடைசியில் கூடாரம் நின்றது, அவர்கள் இருவரும் ஆளுக்கொரு திசையில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்துப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர்கள் பதினொன்றாவதாகக் கூடாரம் போடச் சொல்லிப் பார்க்கலாம்.

இனிதான் விஷயம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மர மேஜை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், கூடவே ஓர் இரும்புப் பெட்டி. நம் கூட்டுறவு வங்கிப் பெட்டகம் மாதிரி கனம். கரடிப் பெட்டி என்கிறார்கள். கரடியை அடைக்க அல்ல, கரடியிடமிருந்து நம் சாப்பாட்டை அடைக்க. கொக்கி ஒரு தினுசு. விரலை உள்ளே விட்டு நெம்பினால்தான் திறக்கும், கரடியின் கை நுழையாது.

தொப்பி போட்ட ரேஞ்சர் அம்மா ஒருத்தி வந்தாள். சாப்பாடு மட்டும் இல்லையாம், வாசனை உள்ளது எதுவும் வெளியே இருக்கக் கூடாதாம். பல்பசை, சோப்பு, முகக் கிரீம், மாத்திரை டப்பா, தைலம், எல்லாம் பெட்டிக்குள். கூடாரத்தில் ஒரு மிட்டாய் கூடக் கூடாது, ராத்திரியில் காருக்குள்ளும் கூடாது. என் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெருங்காய டப்பா, மிளகாய்ப்பொடி, ஊறுகாய், திருநீற்றுப் பை, நீ கொடுத்துவிட்ட சங்கரன்கோவில் புற்றுமண் உட்பட. புற்றுமண்ணை அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பரவாயில்லை" என்று கூடாரத்துக்கு அனுமதி கொடுத்தாள். பெருங்காயத்தை முகர்ந்ததும் ஒன்றுமே சொல்லாமல் பெட்டியைக் காட்டினாள்.

"தலையில தேங்காயெண்ணெய் வச்சிருக்கேனே, அப்ப தலையையும் பெட்டியில வச்சுட்டுத்தான் படுக்கணுமா?" என்று மகளிடம் கேட்டேன். அவள் அதை மொழிபெயர்த்துத் தொலைத்துவிட்டாள். ரேஞ்சர் அம்மா சிரிக்காமல் யோசித்து, "ராத்திரி தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்" என்றாள்.

கோமு, காடு என்றால் கட்டுப்பாடு இல்லாத இடம் என்று நினைத்திருந்தேன். அம்பாசமுத்திரத்து வீட்டில் என் அத்தை வைத்திருந்த சட்டத்தை விட இங்கே சட்டம் அதிகம். ஈரக்கையோடு ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, விளக்கு வைத்தபின் கூட்டாதே, தவலைக்குள் கை விடாதே. நீ வரும்போதெல்லாம் திண்ணையிலேயே நின்றுவிட்டு ஓடுவாயே, அந்த அத்தை. மருமகன் என்னை "அத்தை" என்று கூப்பிடும்போதெல்லாம் அவள்தான் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

ராத்திரி ரேஞ்சர் அம்மாவின் பேச்சு. நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். இங்கே 300 முதல் 500 கருங்கரடிகள் இருக்கின்றனவாம். கருங்கரடி என்று பெயர்தான், பாதிக்கு மேல் பழுப்பு. மனுஷனைத் தேடி வருவதில்லை, அவன் சாப்பாட்டைத் தேடித்தான் வருகிறது. ஒரு காலத்தில் இவர்களே பழக்கிவிட்டிருக்கிறார்கள். 1940 வரைக்கும் குப்பைச் சாப்பாட்டைக் கொட்டி, விளக்குப் போட்டு, கரடி தின்பதை ஜனங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற காட்சியே நடந்திருக்கிறது. ருசி கண்ட பூனை உறியை விட்டு இறங்குமா? 1998-இல் ஒரே வருஷத்தில் ஆயிரம் கார்களுக்கு மேல் கரடி உடைத்திருக்கிறது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்காகக் கார்க் கதவையே மடக்கிவிடுமாம்.

இதில் யாருக்கு நஷ்டம் என்று கேள். காருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. மனுஷச் சாப்பாட்டுக்கு அடிமையாகி ஆளை மிரட்ட ஆரம்பித்த கரடியைக் கடைசியில் கொன்றுவிட வேண்டியதாகிறது. "பெட்டி உங்களுக்காக இல்லை" என்றாள் அவள். பேரன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மறுநாள் சாலையோரம் சிவப்புக் கரடி வரைந்த பலகைகளைப் பார்த்தோம். வேகமாக வந்த கார் கரடியை அடித்த இடத்திலெல்லாம் அப்படி ஒரு பலகை. அதற்கப்புறம் மருமகன் நாற்பது மைல் வேகத்தைத் தாண்டினால் பின் சீட்டிலிருந்து பேரன் அதட்டினான்.

இப்போது சமையல் கதை. குக்கரைக் கொண்டுவரக் கூடாது என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். "பிக்னிக்குக்கு யாராவது குக்கர் தூக்கிட்டு வருவாங்களா, மானம் போகும்மா." நான் போர்வைக்குள் சுருட்டிக் கொண்டுவந்துவிட்டேன். முதல் ராத்திரி கோயம்புத்தூர்ப் பெண் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பருப்பு தண்ணீரில் நீந்துகிறதே தவிர மசியக் காணோம். மருமகன் விளக்கினார்: உயரம் போகப்போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். இங்கே 94 டிகிரியிலேயே கொதிக்கிறது. கொதிக்கிறது, ஆனால் சூடு போதாது. பார்க்க ஆர்ப்பாட்டம், உள்ளே ஒன்றும் இல்லை. நமக்குத் தெரிந்த சில பேர் மாதிரி. பெயர் சொல்லமாட்டேன், உனக்கே தெரியும்.

குக்கரை எடுத்து வைத்தேன். நாலு விசில். மூன்றாவது விசிலுக்குப் பக்கத்து இடத்து வெள்ளைக்காரத் தாத்தா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். கரடி வந்ததற்கு யாரோ எச்சரிக்கை ஊதுகிறார்கள் என்று நினைத்தாராம். ஒரு கரண்டி சாம்பார் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் தட்டோடு வந்தார்.

இட்லி மாவுதான் காலை வாரிவிட்டது. ஆடி மாதத்தில் அப்படி ஒரு குளிர். பெட்டிக்குள் வைத்த மாவு, வைத்தது வைத்தபடியே கிடந்தது. "மாவுத் தூக்கை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கூடவே வச்சுப் படுத்துக்கவா?" என்று கேட்டேன். ரேஞ்சர் அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனால் அதற்குப் பதிலாக ஒரு கதை சொன்னாள். அதற்காகவே அவளுக்குப் புண்ணியம்.

டை சிங் என்று ஒரு சீனத்துச் சமையல்காரர். மலையளக்க வந்த அரசாங்கத்துச் சர்வேயர்களுக்குச் சமைத்துப் போட்டவர். 1915-இல் ஸ்டீபன் மேத்தர் என்ற பணக்காரர், இந்தப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளத் தனித் துறை வேண்டும் என்பதற்காகப் பெரிய மனிதர்களையெல்லாம் சியரா மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடுக்காட்டில் வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் தட்டு வைத்து, பட்டணத்து விருந்து போட்டவர் டை சிங். புளித்த மாவு பொங்க வேண்டும் என்பதற்காக அதைக் கோவேறு கழுதையின் உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுவாராம். நடக்க நடக்க உடம்புச் சூட்டில் மாவு பொங்கி, சாயங்காலம் சுடச்சுட ரொட்டி. வயிறு நிறைந்தால் மனம் நிறையும் அல்லவா? மறு வருஷமே, 1916-இல், தேசியப் பூங்காத் துறை பிறந்துவிட்டது. யோசெமிட்டியில் ஒரு சிகரத்துக்கு சிங் பீக் என்று அவர் பெயர். 10,000 அடிக்கு மேல் உயரம். சமைத்துப் போட்டவர் பெயரில் ஒரு மலை, கோமு! நம் அம்மாக்கள் பெயரில் ஒரு தெருக்குழாய் கூட இல்லை. எனக்கு ஒரு கோவேறு கழுதை கிடைத்திருந்தால் அன்றைக்கு இட்லி அவித்திருப்பேன். புளிக்காத மாவில் தோசையாக ஊற்றி மிளகாய்ப்பொடி வைத்து ஒப்பேற்றினேன்.

அருவியைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன், குற்றாலத்துச் சாரலில் நீ நனைந்துகொண்டிருக்கும்போது உன்னிடம் அருவிப் பெருமை எடுபடாது. யோசெமிட்டி அருவி மூன்று அடுக்கு, மொத்தம் 2,425 அடி. ஆடியிலேயே மெலிந்துவிட்டது. பனி உருகித்தான் தண்ணீர், மழை இல்லை. வெர்னல் அருவிக்கு மரப்பாலம் வரைக்கும் ஏறினேன். அதற்கு மேல் அறுநூறு கல்படிகளாம், முழங்கால் "போதும் ஆத்தா" என்றுவிட்டது. அத்தனை பேர் போகிறார்கள், ஒருத்தர் அருவியில் தலையை நீட்டவில்லை! எண்ணெய் தேய்க்கவும் ஆள் இல்லை, மிளகாய் பஜ்ஜியும் இல்லை. இந்த அருவிகளில் குளிக்க நின்றால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று எச்சரிக்கைப் பலகை. பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற அருவி இது.

பெருமரத் தோப்பு ஒன்றுக்கும் போனோம். ஒரு மைல் இறக்கம். போகும்போது எல்லோருக்கும் சிரிப்பு, திரும்பி ஐந்நூறு அடி ஏறும்போது ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லை. செக்வோயா மரங்கள். அடிமரத்தைச் சுற்ற நம் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் கைகோத்தாலும் போதாது. இத்தனை பெரிய மரத்தின் காய் கோழிமுட்டை அளவு, விதை அவல் மாதிரி. நெருப்பின் சூடு பட்டால்தான் காய் நன்றாக விரிந்து விதை கொட்டுமாம். காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று வருஷக்கணக்காகத் தீயை அணைத்துக்கொண்டே இருந்ததில் புதுக் கன்றே முளைக்கவில்லை. இப்போது இவர்களே அளவாகத் தீ வைக்கிறார்கள். வரும் வழியில் பார்த்த கருகல் ஒரு நெருப்பு, இது ஒரு நெருப்பு. அடுப்பு மூட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் புரியும்.

இரண்டாம் ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். எங்கோ தட்டைத் தட்டுகிற சத்தம். டங், டங், டங். பக்கத்து வளைவில் கரடி. வந்தால் ஓடக் கூடாது, சத்தம் போட்டு விரட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் காருக்குள் பூட்டிக்கொண்டார். பெண்டாட்டி பிள்ளைகள் வெளியே, அவர் மட்டும் உள்ளே! (இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. அவளே இன்னும் சொல்லிச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.) நான் குக்கர் மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டேன். கிரகணத்துக்கு ஊரே கூடித் தட்டுவோமே, அப்படித் தட்டினேன். விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு பழுப்பு முதுகு, குண்டாக, அவசரமே இல்லாமல், மரங்களுக்குள் போயிற்று. அவ்வளவுதான் பார்த்தேன். பயத்தை விட, அர்த்த ராத்திரியில் அதன் வீட்டு முற்றத்தில் நின்று அதையே விரட்டுகிறோமே என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ஏரி. போகிற ரோட்டுக்கே ஒரு கதை உண்டு. 1883-இல் ஒரு வெள்ளிச் சுரங்கக் கம்பெனி போட்ட ரோடு. சீனத் தொழிலாளர்கள் உட்பட ஆட்களை விட்டு 130 நாளில் போட்டுவிட்டார்கள். வெள்ளி வரவில்லை, ரோடு மட்டும் மிஞ்சியது. டை சிங் சாப்பாடு போட்டாரே, அதே மேத்தர் 1915-இல் தன் பணமும் சிநேகிதர்கள் பணமும் போட்டு அதை வாங்கி அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். சும்மா கிடந்த ரோட்டை வாங்கித் தானம் கொடுத்த மனுஷனை நான் கேள்விப்பட்டதே இல்லை. நம் பக்கம் தானமாகக் கிடந்த ரோட்டை வளைத்துப் போட்டவர்களைத்தான் தெரியும்.

ஏரியின் பெயர் தெனாயா. 8,150 அடி உயரத்தில், ஒரு மைல் நீளத்தில், நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத தண்ணீர். சுற்றிலும் மொட்டைப் பாறைகள். ஒரு காலத்தில் பனிப்பாறை இந்த மலைமேல் ஊர்ந்துபோய், அடியிலிருந்த கல்லையும் மணலையும் வைத்துத் தேய்த்த தேய்ப்பில் கருங்கல் பளபளவென்று ஆகிவிட்டது. பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகுமே, அந்தப் பளபளப்பு, மலை அளவுக்கு.

அன்றைக்குத்தான் கோயம்புத்தூர்ப் பெண்ணின் மெத்தைக்குப் பவிசு வந்தது. காற்றடித்துக் கரையோரம் தண்ணீரில் போட்டாள், பிள்ளைகள் நாலு மணி நேரம் அதை விட்டு இறங்கவில்லை. கேலி செய்த நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். சென்னை ஜோடி நின்றுகொண்டே துடுப்புப் போடுகிற பலகையை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். முன்னால் அவள், பின்னால் அவன், இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. ஏரி நடுவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தார்கள். ஐஸ் தண்ணீர்! உயிர்காக்கும் சட்டையில் மிதந்துகொண்டு, பல் தந்தியடிக்க, ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு கரை வரைக்கும் கேட்டது. அன்று ராத்திரி கூடாரத்தைச் சேர்ந்தே சரிசெய்தார்கள்.

நானும் இறங்கினேன். சோப்புப் போடக் கூடாது என்று மகள் முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தாமிரபரணியில் முங்குகிற மாதிரி மூன்று முங்கு. முதல் முங்கில் மூச்சு நின்றது. இரண்டாவதில் சங்கரலிங்கசாமி தெரிந்தார். மூன்றாவதில் இந்த அறுபத்திரண்டு வயசும் கழன்று தண்ணீரோடு போன மாதிரி இருந்தது. வெயிலில் அந்தப் பளபளப் பாறையில் உட்கார்ந்து தலையைக் காயவைத்தேன். பிளக் தேவைப்படவில்லை.

அப்போது மகள் இந்தப் பெயரின் கதையைச் சொன்னாள். தெனாயா, இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி ஜனங்களின் தலைவர். 1851-இல் தங்கம் தேடி வந்தவர்கள் படை திரட்டிக்கொண்டு வந்து அந்த ஜனங்களை விரட்டினார்கள். தெனாயாவின் மகன் ஒருவனைச் சுட்டுக் கொன்றார்கள். மிச்சப் பேரை இந்த ஏரிக்கரையில் பிடித்தார்கள். பிடித்த பிறகு, படையிலிருந்த ஒருவர் பெரிய மரியாதை செய்வதாக நினைத்து, "இந்த ஏரிக்கு உங்கள் பெயரை வைத்துவிட்டோம்" என்றாராம். அதற்கு அந்தக் கிழவர், இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்றாராம். பைவியாக். பளபளக்கிற பாறைகளின் ஏரி என்று அர்த்தம்.

வீட்டைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவது என்பது இதுதான். நான் உட்கார்ந்திருந்த கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தேன். அவர்கள் வைத்த பெயர்தான் சரி.

நாலாம் நாள் கூடாரத்தைச் சுருட்டினோம். இடத்தைச் சுத்தமாக விட்டுப் போக வேண்டும். பேரன் கீழே குனிந்து குனிந்து ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கினான். "ஆச்சி, நீங்க தாளிச்சா கடுகு ஏன் இவ்ளோ தூரம் பறக்குது?" என்று கேட்டான். என்னத்தைச் சொல்ல.

திரும்பும் வழியில் ஹெட்ச் ஹெட்சி. இதற்காகத்தான் உன்னை இத்தனை பக்கம் இழுத்து வந்தேன். அதுவும் பூங்காவுக்குள் இருக்கிற பள்ளத்தாக்குதான். யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குத் தங்கச்சி மாதிரி இருந்ததாம். 1906-இல் சான் பிரான்சிஸ்கோவில் பூகம்பம் வந்து, ஊர் தீப்பிடித்து எரிந்தது. நல்ல தண்ணீர் வேண்டும் என்று இந்தப் பள்ளத்தாக்கைக் கேட்டார்கள். ஜான் மியூர் என்று ஒருவர், இந்த மலையையே கோயிலாக நினைத்தவர். 1903-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்டையே பெரிய விருந்துக்குப் போகவிடாமல் கூட்டிக்கொண்டு போய் மூன்று ராத்திரி காட்டில் படுக்க வைத்தவர், காலையில் போர்வைமேல் பனி கொட்டிக் கிடந்ததாம். அவர் வருஷக்கணக்காகப் போராடிப் பார்த்தார், ஆகவில்லை. 1913-இல் அணைக்குச் சட்டம் வந்தது, 1914-இல் அவர் போய்விட்டார். 1923-இல் அணை கட்டி முடித்தார்கள். பள்ளத்தாக்கு தண்ணீருக்குள் போயிற்று.

அணைமேல் நடந்தோம். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் அசையாத தண்ணீர். தெனாயாவை விட அழகு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒரு படகு இல்லை, ஒரு தலை இல்லை. இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, படகு விடக் கூடாது. பேரனுக்குக் கோபம். "நேத்து அந்த ஏரியில விட்டாங்க, இங்க ஏன் விடமாட்டாங்க?"

மருமகன் சொன்னார், "இது நாம குடிக்கிற தண்ணிடா." 1934-இலிருந்து இந்தத் தண்ணீர் நூற்றறுபது மைலுக்கு மேல் குழாயிலும் சுரங்கத்திலும் தானாகவே இறங்கிக் கடலோரம் வந்து சேர்கிறது. அவ்வளவு சுத்தம் என்பதால் கிருமியைக் கொன்றுவிட்டு, வடிகட்டாமலேயே விடுகிறார்கள். மகள் வீட்டுச் சமையலறைக் குழாயில் நான் தினமும் பருப்பு களைகிற தண்ணீர் இது.

எனக்குச் சட்டென்று அத்தையின் தவலை கண்முன்னால் வந்தது. கல்யாணமான புதிதில், தாகத்தில், தம்ளரோடு கையையும் உள்ளே விட்டு மொண்டுவிட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தவலையைத் தூக்கி அத்தனை தண்ணீரையும் முருங்கை மரத்துக்கு ஊற்றிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி ஆற்றுக்குப் போனாள். முக்கால் மைல். நான் திண்ணையில் நின்று அழுதேன், உனக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? "இந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட உரிமை இல்லை" என்று. அந்தத் தவலைத் தண்ணீரைத்தான் தெருவில் போகிற தபால்காரரும் வளையல்காரரும் நிறுத்திக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள் என்பதை அந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

பேரனிடம் இதைச் சொன்னேன். மூழ்கிப்போன பள்ளத்தாக்கையும் சொன்னேன், அது நியாயமா என்று அவன் கேட்டான், பெரியவனாகி நீயே யோசி என்றேன். கடைசியில் அவன் கேட்டது, "ஆச்சி, அந்தத் தவலை இப்ப எங்க இருக்கு?"

நான் என்னத்தைச் சொல்வேன், எடைக்குப் போடச் சொல்லிவிட்டேன் என்றா? "கோமு ஆச்சி வீட்டுல பத்திரமா இருக்கு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அதனால் உடனே போய்ப் பார். கடைக்குப் போய்விட்டது என்றால் கடைக்காரரிடம் கெஞ்சியாவது மீட்டுவிடு, காசு நான் வந்து தருகிறேன். புளி போட்டு விளக்கி வை. சங்கரன்கோவில் ஆடித் தபசுக் கூட்டத்தில் தாகமாக வருகிறவர்களுக்கு அதிலிருந்தே தண்ணீர் மொண்டு கொடு. ஆனால் கோமு, கரண்டியால் மொள். கை விடாதே.

மருமகன் அடுத்த வருஷத்துக்கு இப்போதே காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். நீயும் வருகிறாயா? கரடிப் பெட்டியில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள,
மூன்று நாள் சோப்புப் போட்டுக் குளிக்காதவள்.